வெள்ளி சொன்ன சிவப்பு

சிகாகோ கலைக்கூடத்தில் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883-இல் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. மதாம் கிளாபிசோன் என்ற பெண்மணியின் உருவப்படம். அவருக்குப் பின்னால் தெரியும் பின்னணி, சாம்பலும் நீலமுமாகக் குளிர்ந்து கிடக்கும். ஆய்வுக்காக அந்த ஓவியத்தின் மரச்சட்டத்தைக் கழற்றியபோது, சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் பளீரென்று சிவப்பு. நூற்றாண்டுக்கு மேலாக வெளிச்சம் தின்று தீர்த்தது போக, மீதம் அங்கே ஒளிந்திருந்தது.

அது என்ன சிவப்பு? ஓவியத்தைச் சுரண்டி எடுத்துச் சோதிக்க யார் சம்மதிப்பார்கள்? கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒரு துகள்தான் கிடைத்தது. அதை வெள்ளித் துகள்களோடு சேர்த்து, அதன்மேல் லேசரைப் பாய்ச்சினார்கள். விடை வந்தது: கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மின் சாயம். வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் சாயம் அது. அதை வைத்து ஓவியத்தின் பழைய நிறத்தைக் கணினியில் மீட்டு, 2014-இல் மக்களுக்குக் காட்டினார்கள்.

இந்தக் கதையின் வேர் கொல்கத்தாவில், பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது. 1928 பிப்ரவரியில் அங்கே திருச்சியில் பிறந்த சி.வி.ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனும் சூரிய ஒளியைத் தொலைநோக்கியால் குவித்துச் சுத்தமான திரவங்களுக்குள் செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஒளியின் பாதையில் ஊதா வடிகட்டி. பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால் பச்சை வடிகட்டி. முதல் வடிகட்டி விடும் நிறத்தை இரண்டாவது தடுத்துவிடும். எதுவும் தெரியக் கூடாது. ஆனால் மெல்லிய தடமாக ஒளி தெரிந்தது. உள்ளே போன நிறம் வேறு, சிதறி வெளியே வந்த நிறம் வேறு. இதுதான் ராமன் விளைவு.

ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு சுங்கச்சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதும் ஒளி, அந்த மூலக்கூறை அதிர வைக்கத் தேவையான ஆற்றலைக் கட்டணமாகச் செலுத்திவிட்டு, நிறம் சற்றே சிவப்புப் பக்கம் நகர்ந்து வெளியேறுகிறது. கட்டணம் மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும். பென்சீனின் கட்டணமும் ஆல்கஹாலின் கட்டணமும் ஒன்றாக இராது. என்ன குறைந்தது என்று பார்த்தால், மோதியது எது என்று சொல்லிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடிக்கு ஒன்றுதான் இப்படிக் கட்டணம் செலுத்துகிறது. பாதரச விளக்கை வைத்துக்கொண்டு ஒரு நிறமாலையைப் படம்பிடிக்க மணிக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. 1960-இல் இயற்பியலாளர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்த பிறகே நிலைமை மாறியது. ஒரே நிறம், ஊசிமுனை அளவுக்குக் குவிக்கலாம், வலிமையும் அதிகம். ராமன் விளைவுக்கென்றே செய்தது போன்ற விளக்கு!

அப்போதும் ஒரு பரப்பின்மேல் ஒற்றை அடுக்காக ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளைப் பார்ப்பது கடினமாகவே இருந்தது. திரவத்தில் கோடிகோடியாக இருப்பவை, பரப்பில் சொற்பம். 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஃப்ளெய்ஷ்மன் குழுவினர் வெள்ளி மின்முனையைச் சொரசொரப்பாக்கி, அதில் பிரிடின் என்ற சேர்மத்தின் மூலக்கூறுகளை ஒட்டவைத்தார்கள். சொரசொரப்பானால் பரப்பளவு கூடும், கூடுதல் மூலக்கூறுகள் ஒட்டும் என்பது கணக்கு. எதிர்பார்த்தபடி சமிக்ஞை வலுவாக வந்தது. காரணம்தான் தவறு. 1977-இல் அமெரிக்காவில் வான் டைன், ழான்மேர் இருவரும், இங்கிலாந்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கூடுதல் பரப்பளவைச் சொல்லி அந்த வலிமையை விளக்கவே முடியவில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் லட்சக்கணக்கான மடங்கு உரக்கப் பேசிக்கொண்டிருந்தது.

வெள்ளியின் நுண்ணிய மேடுபள்ளங்களில் லேசர் படும்போது, உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து ஊஞ்சலாடுகின்றன. அந்த ஆட்டம் மேடுகளின் முனையிலும் இடுக்குகளிலும் ஒளியின் புலத்தைப் பன்மடங்கு பெருக்குகிறது. அங்கே அகப்பட்ட மூலக்கூறுக்குத் திருவிழா வெளிச்சம்! இன்னொரு நன்மையும் உண்டு. சிவப்புச் சாயங்கள் லேசர் பட்டதும் தாமே ஒளிர்ந்து, மெல்லிய ராமன் ஒளியை அமுக்கிவிடும். வெள்ளி அந்த ஒளிர்வைத் தணித்துவிடுகிறது. ரெனுவாரின் சிவப்பு பிடிபட்டது இதனால்தான். அந்தச் சிகாகோ ஆய்விலும் வான் டைன் பங்கேற்றார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. மின்வேதியியலில் கண்ட ஒன்றை, ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து ஓர் ஓவியத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்று மருந்து ஆலைகளில் மூலப்பொருளைச் சரிபார்க்கும் கைக்கருவிகளில் இதே ராமன் ஒளி இருக்கிறது. 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியும் பாறைகளை இப்படித்தான் விசாரிக்கிறது.

1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. ஆனால் 1928 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வந்த அந்த முதல் குறிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. பிப்ரவரி நாட்களில் திரவம் மாற்றித் திரவமாக, வடிகட்டி வழியே அந்த மங்கலான தடத்தைத் தேடிய கண்களில் கிருஷ்ணனின் கண்களும் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று தேசிய அறிவியல் நாள் கொண்டாடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேடையில் ராமன் படத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணன் படத்தையும் வையுங்கள்.