விளையாட்டில் இங்கிலீஷ் விளையுமா?

மரக்காணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘விடியுமுன்னே நானும் வீட்டுக்காரரும் உப்பளத்துக்குப் போய்விடுவோம். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. விளையாடிக்கொண்டே இங்கிலீஷ் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு மொபைல் ஆப்புக்கு வருஷச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். நாலாவது படிக்கிற மகளுக்கு அது உதவுமா?’

பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டது நல்லது. விளையாட்டு நிச்சயம் உதவும். ஆனால் விளம்பரம் சொல்கிற காரணத்தை நம்ப வேண்டாம். பிள்ளை சந்தோஷமாக இருந்தால் மொழி தானாக மனதில் ஏறிவிடும் என்கிறது விளம்பரம். சந்தோஷம் பிள்ளையை ஒரு மணி நேரம் உட்கார வைக்கும், அவ்வளவுதான். சொல்லை நினைவில் உட்கார வைப்பதற்கு வேறொரு வேலை நடந்தாக வேண்டும்.

அந்த வேலை என்ன என்பதை அழகாகக் காட்டியது 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு சோதனை. ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஹென்றி ரோடிகர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைப் பொருளோடு கொடுத்தார்கள். ‘மஷுவா’ என்றால் படகு என்பது போல. படிப்பது, பிறகு பார்க்காமல் சொல்வது என்று சுற்றுச் சுற்றாக நடந்தது. ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்து அதை என்ன செய்வது என்பதில்தான் நான்கு குழுக்களுக்கும் வித்தியாசம். முதல் குழு அதைத் திரும்பப் படிக்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். இரண்டாம் குழு படிக்க வேண்டாம், சொன்னால் போதும். மூன்றாம் குழு படித்தால் போதும், சொல்ல வேண்டாம். நான்காம் குழுவுக்கு இரண்டும் கிடையாது.

ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முதல் இரண்டு குழுக்களும் சுமார் 80 விழுக்காடு சொற்களைச் சொன்னார்கள். மூன்றாம் குழு 36, நான்காம் குழு 33. அதாவது, சொல்லத் தெரிந்த பிறகு எத்தனை முறை படித்தாலும் அந்தப் படிப்பு ஏறக்குறைய வீண். நினைவின் அடியிலிருந்து சொல்லைத் தேடி எடுத்து வெளியே சொல்கிற செயல்தான் அதை நிறுத்தி வைத்தது. எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சோதனைக்கு முன் மாணவர்களிடம் எத்தனை நினைவிருக்கும் என்று கேட்டபோது, நான்கு குழுக்களுமே பாதியளவு என்றுதான் சொன்னார்கள். எது தங்களுக்குக் கற்றுத் தந்தது என்று கற்றவர்களுக்கே தெரியவில்லை.

ஏன் இப்படி என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. எனக்கு நம்பும்படியாக இருக்கும் விளக்கம் இது: சொல்லைத் தேடும்போது மனம் அக்கம்பக்கத்தையெல்லாம் துழாவுகிறது. படகைத் தேடினால் வலை, துடுப்பு, அலை எல்லாம் கைக்குத் தட்டுப்படும். அடுத்த முறை அந்தச் சொல்லுக்குப் போக அத்தனை வழிகள் திறந்திருக்கும். பக்கத்தைப் பார்த்து வாசிக்கும்போது இந்தத் துழாவலே இல்லை. தேடிக் கிடைக்காமல் தப்பாகச் சொன்னாலும் நஷ்டமில்லை, உடனே சரியான விடை காதில் விழுந்தால் போதும். விழாவிட்டால் தப்பே தங்கிவிடும்.

இப்போது ஒரு விளையாட்டைப் பாருங்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, யார் மடியிலாவது பந்தைப் போடுகிறாள். பந்து விழுந்தவர் அதற்கு இங்கிலீஷ் சொல்ல வேண்டும். வாய் திறப்பது ஒருவர்தான். ஆனால் அந்த ஒரு மூச்சு நேரத்தில், பந்து தன்மேல் விழுமோ என்று பத்துப் பேரும் உள்ளுக்குள் தேடிவிடுகிறார்கள். மனதுக்குள் தேடி எடுத்தாலும் பலன் ஏறக்குறைய அதே அளவுதான் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. பந்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு அட்டையைக் காட்டினால் ஒரு பிள்ளைதான் தேடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு செயல்களின் வரிசையை மாற்றுவதில் இத்தனை இருக்கிறது.

இடைவெளியும் முக்கியம். அதை உங்கள் ஊர்த் தொழிலை வைத்தே சொல்கிறேன். பாத்தியை மிதித்துத் தரையை இறுக்கி, உவர்நீர் கட்டி, வெயிலுக்கு விட்டுவிடுகிறீர்கள். தண்ணீர் வற்ற வற்றத்தான் உப்பு பூக்கிறது. வற்றவிடாமல் நீரைக் கட்டிக்கொண்டே இருந்தால் பாத்தி நிறைந்திருக்கும், உப்பு இருக்காது. ஒரே மாலையில் ஒரு சொல்லை முப்பது தடவை எழுத வைப்பது அப்படித்தான். கொஞ்சம் மறக்கவிட்டு, மறந்தும் மறக்காமலும் இருக்கும் தருணத்தில் கேட்பது, முதல் உப்பு படிந்த பாத்தியில் புதுநீர் கட்டுவதற்குச் சமம். படிந்த மணியின் மேலேயே அடுத்த மணி வளரும். கடல்நீரில் ஜிப்சம் முதலில் இறங்கி, அடர்த்தி பாமே அளவில் 25 பாகையை எட்டும்போதுதான் கறியுப்பு இறங்கத் தொடங்குகிறது. மொழியிலும் பொருட்களின் பெயர்கள் முன்னால் இறங்கும், வாக்கியம் பின்னால்தான் வரும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடாவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பே கசந்துபோகும். பிள்ளை தப்பாகச் சொல்லும்போது கூடி நின்று சிரிப்பதை நான் அந்தக் கசப்பு நீரோடுதான் சேர்ப்பேன். ஐப்பசி மழையில் அளம் கரைவது போல நீண்ட விடுமுறையில் சொற்கள் கரைவதும் உண்டு. ஒரு நல்ல செய்தி: மறந்த சொல்லைத் திரும்பப் படிக்க, முதலில் ஆன நேரம் ஆகாது. ஜெர்மானியரான எப்பிங்ஹாஸ் 1885-லேயே இதை அளந்து சொல்லிவிட்டார்.

விளையாட்டாகக் கற்பிப்பதன் வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற கல்வியாளர் நடத்திய ‘பெங்களூரு திட்டம்’ கடலூர்ப் பள்ளி வரை வந்தது. இலக்கணத்தை ஒதுக்கிவைத்து, வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றில் புதிர்களைக் கொடுத்து, விடை தேடும் போக்கில் இங்கிலீஷைப் பழக்கியது. இன்றைய விளம்பரங்கள் புதுமை என்று சொல்வதில் பெரும்பகுதி அப்போதே நம் பக்கத்தில் நடந்து முடிந்தது.

ஆரவாரம் அதிகம் கண்ட சோதனை ஒன்றும் நம் கடற்கரையைச் சேர்ந்ததுதான். சுனாமி தாக்கிய காளிக்குப்பத்தில், தமிழ் பேசும் பிள்ளைகள் இங்கிலீஷில் இருந்த மூலக்கூறு உயிரியலைக் கணினியில் தாங்களே படித்தார்கள் என்று சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் 2010-ல் எழுதினார். ஆசிரியரே வேண்டாம் என்று இதை வைத்துப் பலர் பேசினார்கள். ஆய்வுக் கட்டுரையின் தலைப்போ இத்தகைய கற்றலின் எல்லைகளைப் பற்றியது. பிள்ளைகள் தனியாக எட்டியது நூற்றுக்கு 30 அளவு. உயிரியலே தெரியாத உள்ளூர்ப் பெண் ஒருவர் பக்கத்தில் நின்று ஊக்கப்படுத்திய பிறகுதான் 50 அளவுக்கு ஏறியது. தெரியாத ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டி வந்ததால் பிள்ளைகள் நினைவிலிருந்து எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். சிறிய சோதனை, இதை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது. ஆனால் இங்கிலீஷ் தெரியாத தாய்க்கு இதில் ஒரு தைரியம் இருக்கிறது.

மரக்காணம் ஒன்றியத்தில் இன்னொன்றும் நடந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் 27.10.2021 அன்று முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைத்தார். மாலையில் ஊர்த் தன்னார்வலர்கள் ஆடல் பாடலோடு சொல்லித் தந்தார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த பொருளியல் ஆய்வு ஒன்று, பள்ளி திறந்த பிறகு மீண்ட கற்றலில் கால்பங்கு அளவுக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்றது. அந்த ஆய்வு அளந்தது தமிழையும் கணக்கையும்தான். இங்கிலீஷுக்கும் அதுவே பொருந்தும் என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

அந்த ஆப்பை இலவசமாகக் காட்டும் நாட்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாலு விடைகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறதா, அல்லது ஒன்றும் காட்டாமல் மகளையே சொல்லவோ எழுதவோ வைக்கிறதா? தொடுவது அடையாளம் காண்பது, அதில் தேடல் குறைவு. காசும் நட்சத்திரமும் கொட்டுகிறதே என்று பார்க்காதீர்கள். நேற்றைய சொல்லை இன்றும், போன வாரச் சொல்லை இன்றும் கேட்கிறதா என்று பாருங்கள்.

என் தீர்ப்பு: சந்தா கட்ட வேண்டாம். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல் என்று மகளையே செய்யச் சொல்லுங்கள். உச்சரிப்பைப் பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டு வரட்டும். நீங்கள் படத்தைக் காட்டுங்கள், அவள் சொல்லட்டும், அட்டையைத் திருப்பி அவளே சரிபார்க்கட்டும். சரியாகச் சொன்னவற்றை மூன்று நாள் கழித்துக் கேட்கும் பெட்டியில் போடுங்கள், தவறியவற்றை நாளைக்கே கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தால் பந்து விளையாட்டு. சொற்கள் சேர்ந்ததும் அவற்றை வைத்து வாக்கியம் பேச ஆள் வேண்டும், அதை அட்டை தராது, பள்ளிதான் தர வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் அதைத் தயங்காமல் கேளுங்கள்.