வெப்பம் விடுவிக்கும் பிடி

தேவிகுளத்திற்கு மேற்கே, மலைகள் தாழ்ந்து செல்லும் இடத்தில் தொடுபுழை அமைந்துள்ளது. அவ்வட்டாரத்தைச் சேர்ந்த சஜி தோமஸ் பிறவியிலேயே செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்றவர்; ஏழாம் வகுப்போடு பள்ளிப்படிப்பை நிறுத்தியவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களை இளமையில் கண்டு வியந்த அவர், இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைத் தம் கைகளாலேயே உருவாக்கினார். 2014ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் மணிமுத்தாற்றில் அது வானில் பறந்தது.

தாமே விமானம் கட்டுவோர் அதனைப் பலமுறை பிரித்துப் பூட்ட நேரும். திருகாணியால் இணைத்த பகுதியை ஸ்பேனரால் கழற்றிவிடலாம். பசையால் ஒட்டிய உலோகத்தை என்ன செய்வது? கண்ணாடியிழையையும் எபாக்சிப் பிசினையும் கொண்டு செய்யப்படும் விமானங்களில் இவ்வினா எழும். பர்ட் ரூட்டான் வடிவமைத்து 1979இல் முதன்முதலாகப் பறந்த லாங் ஈசி அவ்வகையைச் சேர்ந்தது. உளியால் நெம்பினால், உலோகம் பெயரும் முன்னரே இழையடுக்குகள் பிரிந்துவிடும்.

பொற்கொல்லர் அணிகலனை அரக்கில் பதித்து வேலை செய்வார். வேலை முடிந்ததும் அரக்கைச் சூடாக்கி அணிகலனை எடுப்பார். எபாக்சியும் வெப்பத்திற்கு இணங்கும். ஆனால் அரக்கைப் போல் அது உருகுவதில்லை, இளகுகிறது. அறை வெப்பநிலையில் இறுகிய எபாக்சி வகைகளுள் பல, ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி செல்சியசில் ரப்பர் போல் மென்மையாகின்றன. ஒன்றனுள் ஒன்று சிக்கிய தம்ளர்களை வெந்நீர் விடுவிப்பது வேறு செய்தி. அங்கே உலோகம் விரிவடைகிறது.

சூடேற்ற வேண்டியது உலோகத்தை மட்டுமே. சூடான சால்டரிங் அயர்னின் முனையை உலோகத்தின்மீது வைத்தால், வெப்பம் அதன் வழியே ஒட்டிய இடத்தைச் சென்றடையும். கண்ணாடியிழை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் சுற்றுப்பகுதி பெரிதும் தப்பும். பசை இளகியதும் உலோகத்தை மெல்லத் திருகி இழுக்க வேண்டும். வரவில்லையெனில் மீண்டும் சிறிது சூடேற்றலாம், வலிமையைக் காட்டலாகாது. தீச்சுடரை நேரடியாகக் காட்டுவது பெருந்தவறு. சிறகின் உள்ளே பாலிஸ்டைரீன் நுரை இருக்குமாயின், அது 100 டிகிரியை ஒட்டியே தளர்ந்து குழிந்துவிடும். கையுறையும் காற்றோட்டமும் இன்றியமையாதவை. எரிபொருள் அருகில் இருத்தல் கூடாது.

உலோகம் வந்தபின் எஞ்சிய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, சுற்றிலும் நாணயத்தால் தட்டிப் பார்ப்பர். தெளிந்த ஒலி எழுந்தால் அடுக்குகள் பிரியவில்லை எனக் கொள்ளலாம். ஒலி மங்கினால், மேற்பரப்பு பழுதின்றித் தோன்றினும் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். அத்தகைய இடத்தைச் செப்பனிட்டுப் புதிய இழையை ஒட்டாமல் விமானத்தை மேலே ஏற்றுவதில்லை.