ஆங்கில வகுப்பில் சொல்லும் அணியும்

பரீட்சை நெருங்குங் காலத்தில், ஆங்கில இலக்கியம் பயிலும் மாணாக்கரின் கொப்பிகளில் நீண்டதொரு பட்டியல் காணப்படும். இடப்புறத்தில் அருஞ்சொற்களும், சிமிலி, மெற்றபர், ஐறனி முதலிய கலைச்சொற்களும் இருக்கும். வலப்புறத்தில் அவற்றின் விளக்கம் இருக்கும். அவற்றை மனனஞ் செய்து பிழையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கர், முன் பாராத ஒரு பந்தியைக் கண்டதும் திகைத்து நிற்பதுண்டு. மீட்டல் என்பது பட்டியலை மறுபடியும் படிப்பதன்று. சொல்லை அது வழங்கும் இடத்தில் வைத்து மறுபடியும் காண்பதேயாம்.

சொல்லின் பொருள் இடம் நோக்கித் துணியப்படும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. பலபொருள் ஒருசொல்லின் பொருளை அறிதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்று வழிகளைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திற் கூறியுள்ளார். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. இது வினையால் அறிந்தது. மாவும் பலாவும் என்றவிடத்து இனத்தால் மரமாயிற்று. போர்க்கோலம் பூண்டு நிற்கும் வீரன் மா கொண்டுவருக என்றால், சார்பினால் அது குதிரையாயிற்று.

இதே வழி ஆங்கிலத்துக்கும் பொருந்தும். மூன்று மாதம் மழையின்றிப் 'பார்ச்ட்' ஆகிய நிலம் உழவரின் காலடியில் வெடித்துக் கிடந்தது என ஓர் ஆங்கில வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். அச்சொல்லை அறியாத மாணவனும் மழையின்மையையும் நிலத்தின் வெடிப்பையும் நோக்கி, அது மிக வறண்டமையைக் குறிக்கும் என உய்த்துணரலாம். பின்னரே அகராதியைப் புரட்டித் தன் துணிபு சரியோ என ஒப்பிடவேண்டும். முதலில் உய்த்துணர்தல், அடுத்துச் சரிபார்த்தல் என்னும் இம்முறையிற் கற்ற சொல் எளிதில் மறவாது.

பழகிய சொல்லிலும் விழிப்பு வேண்டும். 'பிறெசென்ற்லி' என்பது பிற்கால ஆங்கிலத்தில் சிறிது நேரத்தில் எனப் பொருள்படும். சேக்சுபியர் நாடகங்களிலோ அது பெரும்பாலும் உடனே என்னும் பொருளில் வரும். அகராதியாசிரியர் சாமுவேல் யோன்சனும் 1755 இல் வெளியிட்ட தம் பேரகராதியில், விளக்கத்தோடு அமையாது, நூலாசிரியர்களிடமிருந்து ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களை எடுத்துக்காட்டினார். சொல்லின் பொருளை அது வழங்கிய வாக்கியமே நன்கு உணர்த்தும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கலைச்சொற்களின் நிலையும் இதுவே. ஐறனி என்பது சொல்லுக்கும் கருத்துக்கும் உள்ள முரண் என்று எழுதிவிடுதல் எளிது. அது ஏன் அவ்விடத்தில் வந்தது என்பதே வினா. யூலியசு சீசர் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், சீசரின் பிணத்தருகே பேச அன்ரனிக்கு அனுமதி கிடைக்கிறது. கொன்றோரைப் பழிக்கலாகாது என்பது நிபந்தனை. ஆகவே அவன் புரூட்டசைக் கண்ணியவான் என்றே திரும்பத் திரும்பக் கூறுகிறான். ஒவ்வொரு முறையும் அப்புகழ்ச்சி சற்றே கசந்து, இறுதியில் மக்கள் கொதித்தெழுகின்றனர். வெளிப்படையாகப் பழிக்க இயலாதவனுக்கு ஐறனியே படைக்கலமாயிற்று. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவையார் புகழும் புறநானூற்றுப் பாட்டில் வஞ்சப் புகழ்ச்சியைக் கற்ற மாணவனுக்கு இது விளங்குதல் அரிதன்று.

ஆதலின், மீட்டற் பாடத்தில் ஆசிரியர் ஒரு பந்தியைக் கரும்பலகையில் எழுதி மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இங்கு வந்த அணி யாது? அது எதனை உணர்த்துகிறது? அதனை நீக்கி வெறும் சொல்லாற் கூறின் எது குறையும்? முதல் வினாவுக்குப் பட்டியல் விடை தரும். ஏனைய இரண்டுக்கும் பந்தியை ஊன்றிப் படித்தவனே விடை தருவான்.

வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு இம்முறை பெருந்துணையாகும். சொற்கள் எண்ணிலடங்கா, அவை யாவற்றையும் மனனஞ் செய்தல் எவர்க்கும் இயலாது. அறியாத சொல்லை அதன் அயலைக்கொண்டு அறியும் பயிற்சியோ, ஒருமுறை கைவந்தால், ஆசிரியர் அருகில் இல்லாத பரீட்சை மண்டபத்திலும் அதன்பின் வாசிக்கும் ஒவ்வொரு நூலிலும் அப்பிள்ளைக்கு உதவும்.