கடல் கடந்த பணியும் ஐரோப்பிய உரிமமும்

முன்னுரை

கடல் கடந்து பொருளீட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. நெய்வேலிக்குத் தென்கிழக்கே வங்கக் கடலோரத்தில் அமைந்த பரங்கிப்பேட்டையிலிருந்து முஸ்லிம் வணிகர்களின் மரக்கலங்கள் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குச் சென்று வந்தமையை வரலாறு கூறும். பின்னாளில் பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்றும், 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகள் என்றும் அப்பயணம் விரிந்தது. அண்மைக் காலத்தில் நம் இளைஞரின் பார்வை ஐரோப்பாவின்மேல் திரும்பியுள்ளது. வளைகுடாவில் பணிபுரியும் தொழிலாளர் சிலர் அங்கிருந்தவாறே ஐரோப்பியப் பணி உரிமம் பெற முயல்கின்றனர். அவ்வுரிமம் யாது, அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் யார், ஏமாற்றம் நுழையும் இடம் எது என்பனவற்றை நெய்வேலித் தொழிலாளரை முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்வேலியும் ஐரோப்பாவும்

நெய்வேலிக்கு ஐரோப்பா அறியாத நிலமன்று. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் சோவியத்து நாட்டின் துணையுடன் எழுந்தது. சுரங்கத்தின் மேல்மண்ணை அகற்றிய பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் எனும் மாபெரும் எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அவ்வெந்திரங்களையும் கன்வேயர் பெல்ட்டுகளையும் பேணிய பிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் வெல்டர்களும் நகரியத்தின் வட்டங்களிலும் மந்தாரக்குப்பம் முதலிய சுற்றூர்களிலும் வாழ்ந்து வருகின்றனர்.

இவர்தம் பிள்ளைகளுள் பலர் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயின்று, 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பயிற்சியும் பெறுகின்றனர். ஆயினும் பயிற்சி முடித்தோர் அனைவர்க்கும் நிலையான பணி கிட்டுவதில்லை. சிலர் ஒப்பந்தத் தொழிலாளராகின்றனர். சிலர் வளைகுடாவின் எண்ணெய் ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் செல்கின்றனர். வளைகுடாவில் பணி முடிந்தால் பெரும்பாலும் நாடு திரும்ப வேண்டியதே. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பெரும்பாலானவற்றிலோ ஐந்தாண்டுக் காலம் முறையாக வாழ்ந்தோர் உரிய தகுதிகளைக் காட்டி நீண்டகாலக் குடியிருப்புரிமை கோரலாம். குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் வழியுண்டு. இவ்வேறுபாடே ஈர்ப்பின் காரணம் எனலாம்.

ஈர்ப்பு ஒருபக்கத்ததன்று. முதியோர் பெருகிவரும் ஜெர்மனிக்குத் தொழில் கற்ற கைகள் தேவைப்படுகின்றன. இந்தியாவும் ஜெர்மனியும் 2022 டிசம்பர் 5 அன்று குடிபெயர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. இந்தியத் தொழில்திறனாளர்க்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களை 20,000-இலிருந்து 90,000 வரை உயர்த்த இருப்பதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. இத்தாலியும் 2023 நவம்பரில் இந்தியாவுடன் இத்தகைய ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆகவே கதவு திறந்திருப்பது உண்மையே. அக்கதவின் வழி எது என்பதே அறியத்தக்கது.

சொல் மயக்கம்

முகவர்கள் தொலைபேசியில் கூறும் செய்தி பெரும்பாலும் ஒன்றே: "பேப்பர் வந்துவிட்டது." எந்தப் பேப்பர் என்று கேட்கத் தெரியாத குடும்பம் அன்றே நகையை அடகு வைக்கிறது. சொல்லின் பொருளைத் தெளிதல் தமிழ்த்துறையாராகிய நமக்கு உரிய பணியாதலின், அப்பேப்பர்களை இங்கு வேறுபடுத்திக் காண்போம்.

முதலாவது ஆஃபர் லெட்டர். இது வேலை தர விரும்புவதாக ஒரு நிறுவனம் எழுதும் கடிதம் மட்டுமே. இதனை எவரும் எளிதில் போலியாக அச்சிடலாம். இரண்டாவது பணி ஒப்பந்தம். ஊதியம், பணிநேரம், தங்குமிடம், விடுப்பு, ஒப்பந்தக் காலம் ஆகியன இதில் இடம்பெறும். மூன்றாவது வொர்க் பெர்மிட் எனும் பணி உரிமம். இது அந்நாட்டு அரசு வழங்குவது. நான்காவது விசா. இது அந்நாட்டுத் தூதரகம் கடவுச்சீட்டில் பதிப்பது. ஐந்தாவது, அந்நாட்டை அடைந்த பின் பெறும் குடியிருப்பு அட்டை. பல நாடுகளில் பணி உரிமமும் குடியிருப்புரிமையும் ஒரே அட்டையாக வழங்கப்படுகின்றன.

ஒன்று மற்றொன்றாகாது. உரிமம் கிடைத்தும் விசா மறுக்கப்படலாம். சுற்றுலாவுக்கு வழங்கும் ஷெங்கன் விசாவோ 180 நாட்களுக்குள் 90 நாட்கள் தங்குவதற்கு மட்டுமே உரியது. அதனைக் கொண்டு வேலை செய்யும் உரிமை இல்லை. "முதலில் விசிட் விசாவில் போய்விடுங்கள், அங்கே பெர்மிட்டாக மாற்றித் தருவோம்" என்று கூறுவோரை நம்பிச் செல்பவர் சட்டத்துக்குப் புறம்பாக உழைத்து, பிடிபட்டால் வெளியேற்றப்படும் நிலைக்கு ஆளாவர்.

விண்ணப்பிக்க வேண்டியவர் யார்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் உள்ளன. அவையனைத்துக்கும் பொதுவான ஒரே பணி உரிமம் என்பது இல்லை. பட்டதாரிகளுக்கெனப் பெரிதும் அமைந்த நீல அட்டை எனும் திட்டத்திலும் அட்டையை வழங்குவது ஒரு தனி நாடே. போலந்து தந்த உரிமத்தைக் கொண்டு ஜெர்மனி நிறுவனம் ஒன்றில் நம் விருப்பப்படி வேலைக்குச் சேர முடியாது. இதனை அறியாமல் ஏமாறுவோர் மிகப் பலர்.

உரிமம் என்பது ஒரு வேலையோடும் ஒரு முதலாளியோடும் பிணைக்கப்பட்டது. ஆதலின் பல நாடுகளில் அதற்கு விண்ணப்பிப்பவர் தொழிலாளர் அல்லர்; வேலை தரும் நிறுவனமே. போலந்தில் மாநில ஆட்சித் தலைவரின் அலுவலகத்திலும், ருமேனியாவில் குடியேற்றத் துறையிலும், குரோஷியாவில் காவல்துறையிலும் நிறுவனமே விண்ணப்பம் அளிக்கிறது. இத்தாலியில் அரசு ஆணையிடும் எண்ணிக்கை வரம்புக்குள் முதலாளி விண்ணப்பித்து, நுல்லா ஓஸ்தா எனும் தடையின்மைச் சான்றைப் பெறுகிறார். அதன் பின்னரே தொழிலாளர் விசாவுக்காகத் தூதரகத்தை அணுகுகிறார்.

எனவே, நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் "பெர்மிட் விற்பனைக்கு உண்டு" என்று கூறுபவர் விற்கும் பொருளே இல்லை. வேலை இருந்தால்தான் உரிமம் உண்டு. உரிமத்தை முதலில் வாங்கிவிட்டு வேலையைப் பிறகு தேடலாம் என்பது கூரையைக் கட்டிவிட்டுச் சுவரை எழுப்புவது போன்றதாகும்.

ஜெர்மனி செல்லும் வழி

நெய்வேலி இளைஞர்க்கு மிகவும் பயன்படத்தக்கது ஜெர்மனியின் நடைமுறையாதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம். அந்நாட்டின் தொழில்திறனாளர் குடியேற்றச் சட்டம் 2020 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2023-இல் திருத்தப்பெற்று மேலும் இளக்கப்பட்டது. இங்கு, பணி ஒப்பந்தம் பெற்ற தொழிலாளரே தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். உள்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் ஒப்புதலைத் தூதரகமே கேட்டுப் பெறும். முதலாளி விரும்பினால் விரைவு நடைமுறையை மேற்கொள்ளலாம். அதன் அரசுக் கட்டணம் 411 யூரோ. பணிக்கான தேசிய விசாவின் கட்டணம் 75 யூரோ. முகவர் கேட்கும் பல இலட்சத்தோடு இத்தொகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

பொதுவான முறைப்படி, நம் தொழிற்கல்வி ஜெர்மானியத் தொழிற்கல்விக்கு நிகரானது என்ற ஏற்பைப் பெற வேண்டும். தொழில், வணிகத் துறைகள் பலவற்றுக்கு நூரம்பெர்க் நகரிலுள்ள ஐ.எச்.கே. ஃபோசா எனும் அமைப்பு இதனை ஆய்ந்து சொல்கிறது. சான்றிதழ் மட்டுமின்றிப் பாடத்திட்டமும் பயிற்சி பெற்ற காலமும் அங்கு நோக்கப்படும். ஆகவே ஐ.டி.ஐ. முடிக்கும் மாணவர் மதிப்பெண் பட்டியலுடன் பாடத்திட்டப் படியையும் பழகுநர் பயிற்சிச் சான்றையும் பாதுகாத்தல் இன்றியமையாதது.

2024 மார்ச் முதல் மற்றொரு வழியும் திறந்துள்ளது. குறைந்தது ஈராண்டுப் பயிற்சிக்குப்பின் தாய்நாட்டு அரசு ஏற்ற சான்றிதழும், கடந்த ஐந்தாண்டுகளுள் ஈராண்டு அனுபவமும், விதிக்கப்பட்ட அளவு ஊதியமும் இருப்பின் மேற்கூறிய நிகர்மை ஏற்பு இல்லாமலே செல்லலாம். ஊதிய அளவு ஆண்டுதோறும் மாறும். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. பிட்டர், எலக்ட்ரீஷியன் ஆகிய பிரிவுகள் ஐ.டி.ஐ.யில் ஈராண்டுப் படிப்புகள். வெல்டர் பிரிவோ ஓராண்டுப் படிப்பு. கைத்திறன் எவ்வளவு மிகுந்திருப்பினும், ஓராண்டுச் சான்றிதழ் மட்டும் உடையவர்க்கு இவ்வழி பொருந்தாது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் பதினாறு வயதிலேயே இதனைச் சொல்லித் தருவது பெற்றோர், ஆசிரியர் கடனாகும்.

2024 சூன் முதல் வேலை தேடிச் செல்வோர்க்கு வாய்ப்பு அட்டை எனும் திட்டமும் உண்டு. கல்வி, மொழி, அனுபவம் முதலியவற்றுக்கு மதிப்பெண் அளித்து, ஓராண்டு வரை தங்கி வேலை தேட அது இடந்தருகிறது. அதற்கு ஜெர்மன் மொழியில் தொடக்க நிலைத் தேர்ச்சியோ ஆங்கிலத்தில் உயர்ந்த தேர்ச்சியோ வேண்டும். தங்கும் காலத்துக்கான வாழ்க்கைச் செலவுத் தொகையையும் காட்ட வேண்டும். மொழி கட்டாயமில்லாத வழிகளிலும் மொழி அறிந்தவரையே முதலாளிகள் விரும்புவர். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் கற்கவும் தேர்வு எழுதவும் இயலும்.

வளைகுடாவிலிருந்து விண்ணப்பிப்போர்

வளைகுடாவில் முறையான குடியிருப்புரிமையுடன் வாழ்பவர் பொதுவாக அங்குள்ள ஐரோப்பியத் தூதரகத்திலேயே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். குடியிருப்புரிமை காலாவதியானவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. முதலாளியிடம் சொல்லாமல் ஓடிப்போனவர் என்று பதிவாகியிருப்பின் மேலும் இடர்ப்பாடு நேரும்.

இவர்கள் எதிர்கொள்ளும் பெருஞ்சிக்கல் ஒன்றுண்டு. வெல்டராகப் பத்தாண்டு உழைத்தவரின் குடியிருப்பு அட்டையில் "லேபர்" என்றோ "ஹெல்பர்" என்றோ எழுதியிருக்கும். அன்று விசா கிடைத்தால் போதும் என்று ஏற்றுக்கொண்ட அச்சொல், இன்று அனுபவச் சான்றோடு முரண்பட்டு நிற்கும். ஆகவே பணிப்பெயர், பணிபுரிந்த நாட்கள், செய்த வேலையின் விவரம் ஆகியவை அடங்கிய சான்றை நிறுவனத்தின் தலைத்தாளில் கையொப்பம், முத்திரையுடன் வெளியேறுமுன்பே பெறுதல் வேண்டும். ஊதியம் வங்கிக் கணக்கில் வந்ததற்கான பதிவும் துணைச் சான்றாகும். காவல்துறை நன்னடத்தைச் சான்று பல நாடுகளுக்குத் தேவைப்படும். இந்தியச் சான்றை அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகவும், வாழும் நாட்டின் சான்றை அந்நாட்டு அதிகாரிகளிடமும் பெறலாம்.

காவல் இல்லாத வழி

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் உள்ளிட்ட சிலர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். அப்போது ஒப்பந்தம் ஓர் அதிகாரியின் கண்ணில் படும். அந்த 18 நாடுகளுள் ஐரோப்பிய நாடு ஒன்றுமில்லை. எனவே ஐரோப்பா செல்பவரின் ஒப்பந்தத்தை அவ்வாறு அரசு பார்ப்பதில்லை. வளைகுடாவைவிட ஐரோப்பா பாதுகாப்பானது என்று எண்ணுவோர் இதனைக் கருதுவதில்லை. அங்கே அரசு செய்யும் ஆய்வை இங்கே நாமே செய்தாக வேண்டும்.

ஆயினும் எந்நாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவரும் அச்சட்டப்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் தொழிலாளரிடம் பெறத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. பதிவு பெற்ற முகவர் பட்டியலை நடுவண் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் காணலாம். தமிழக அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்கி வருகிறது. வெளிநாட்டு நிறுவனம் உண்மையாகவே உள்ளதா என்பதை ஜெர்மனி, போலந்து முதலிய நாடுகளின் நிறுவனப் பதிவேடுகளில் இணையவழி பார்த்தறியலாம். உதவியாளர் வேலை என்று கூறி ரஷ்யாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டது குறித்து 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்ததை நாடறியும். சரிபாராத ஒப்பந்தம் பணத்தோடு உயிரையும் கேட்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

ஐரோப்பியப் பணி உரிமம் விலைக்கு வாங்கும் பொருளன்று. உண்மையான வேலை, அதனை அளிக்கும் முதலாளி, அதற்கேற்ற சான்றிதழ் ஆகிய மூன்றும் கூடினால் அரசு தரும் இசைவே அது. இம்மூன்றுள் தொழிலாளரின் கையில் உள்ளது சான்றிதழ் ஒன்றே. ஆதலின் முகவரைத் தேடும் காலத்தையும் பொருளையும் கல்விக்கும் மொழிக்கும் செலவிடுதல் அறிவுடைமையாகும்.

ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் பயணத்துக்குக் கடனுதவி செய்யுமுன் ஒப்பந்தத்தையும் முகவரின் பதிவெண்ணையும் கேட்டுப் பார்ப்பாராயின் பல குடும்பங்கள் காக்கப்படும். நம் கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊர்களில் அயலகப் பணி நாடுவோர்க்கு இவ்விணையதளங்களைத் திறந்து காட்டவும், விண்ணப்பங்களைப் படித்துப் பொருள் கூறவும் முன்வரலாம். "பேப்பர் வந்துவிட்டது" என்று செய்தி வரும் வீட்டில், "எந்தப் பேப்பர்?" என்று கேட்க ஒருவர் இருந்தால், அவ்வீட்டின் நகையும் நிலமும் நிலைக்கும்.