மூன்று மூடித் தண்ணீர்!

குழந்தைகளே, ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நல்ல வெயில். காய்ந்த சாலை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று, ‘டமார்’ என்ற சத்தத்துடன் நடுவழியில் நின்றுவிடுகிறது. என்ஜினில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை! கீழே கறுப்பு ஆயில் குளம்போலத் தேங்கி நிற்கிறது. அந்த என்ஜினை உடைத்தது தண்ணீர் என்று சொன்னால் நம்புவீர்களா?

நானும் முதலில் நம்பவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் பாடம் நடத்திய எனக்கே அதைப் புரிய வைத்தவர், என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு மெக்கானிக். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே லாரிகளை எண்ணிக்கொண்டிருந்த பையன்! இப்போது தூத்துக்குடியில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார்.

2024 பிப்ரவரியில் ஒருநாள் மாலை, என் பழைய ஸ்கூட்டரைக் கொடுப்பதற்காக அங்கே போயிருந்தேன். ஒரே சத்தம். வாடகைக் கார் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் கோபத்தில் கத்திக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்கு வேலையாக வருபவர்களை மதுரை விமான நிலையத்தில் கொண்டு விடுவதுதான் அவருக்குப் பிழைப்பு. எட்டயபுரம் தாண்டிப் போகும்போது கார் நின்று, கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்.

“போன வாரம் இங்கேதான் ஆயில் மாத்தினேன். இந்தப் பயதான் கீழே இருக்கிற போல்ட்டைச் சரியா முறுக்காம விட்டிருக்கான். ஆயில் பூரா ஒழுகி என்ஜின் சீஸ் ஆயிட்டு. இதுக்கு யார் பதில் சொல்லுவா?”

அவர் கை நீட்டிய பக்கம், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை பழகும் பையன் ஒருவன் நின்றிருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. “நான் நல்லா முறுக்கினேன்ணே...” என்று மட்டும் சொன்னான். வேறு என்ன சொல்ல முடியும்? மாற்று என்ஜின் போட்டால் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். அந்தப் பையனின் சம்பளத்தில் பிடித்தால் எத்தனை வருடம் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் பழைய மாணவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிட்டார்!

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தவர், “அண்ணாச்சி, போல்ட் இருந்த இடத்திலேயே இறுக்கமா இருக்கு. வாஷரும் நசுங்கலை. கார் நின்ன இடத்துக்கு முன்னாடி ரோட்டுல ஆயில் கோடு இருந்துதா?” என்று கேட்டார்.

அண்ணாச்சி யோசித்தார். “இல்ல... நின்ன இடத்துலதான் கொட்டிக் கிடந்தது.”

“டேஷ்போர்டுல சிவப்பு ஆயில் விளக்கு எரிஞ்சுதா?”

“சத்தத்துக்கு முன்னாடி எரியலை.”

கவனித்தீர்களா? போல்ட் வழியே ஆயில் ஒழுகியிருந்தால் சாலையில் கிலோ மீட்டர் கணக்கில் கறுப்புக் கோடு இருந்திருக்கும். ஆயில் அழுத்தம் குறைந்து விளக்கும் எரிந்திருக்கும். ஆக, ஆயில் போனதால் என்ஜின் உடையவில்லை. என்ஜின் உடைந்ததால்தான் ஆயில் போயிருக்கிறது. எது முதலில், எது பின்னால் என்று கண்டுபிடித்துவிட்டாலே பாதித் துப்பு துலங்கிவிடும்.

அடுத்த நாள் என்ஜினைக் கழற்றினார்கள். (எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, காலையிலேயே போய்விட்டேன்!) ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் பேரிங்குகள் எல்லாம் சூட்டில் கறுத்து, நீலம் பாய்ந்து, தேய்ந்து போயிருக்கும். உடைந்த இடத்தைத் தவிர மற்றவை பளபளவென்று ஆயில் ஈரத்தோடு இருந்தன. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. ஹெட் கேஸ்கட் எரியவில்லை. எனவே அதிகச் சூடும் காரணமில்லை. வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் செயினும் அறுபடாமல் இருந்தது.

அப்புறம் என்னதான் காரணம்?

மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு, சிலிண்டர்களுக்குள் வெளிச்சம் அடித்துக் காட்டினார். நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் கறுப்பாகக் கரி வளையம். பிஸ்டன் மேலே வந்து திரும்பும் இடத்துக்கு மேல், உரசல் இல்லாததால் படியும் கரி அது. மூன்று சிலிண்டர்களில் வளையம் ஒரே அகலம். உடைந்த சிலிண்டரில் மட்டும் இரண்டு மில்லி மீட்டர் கூடுதல்!

“பாத்தீங்களா சார்? இந்தப் பிஸ்டன் கொஞ்ச நாளாவே முழுசா மேலே வரலை. ராடு வளைஞ்சு குட்டையாயிருக்கு. இன்னைக்கு நேத்து வளைஞ்சது இல்ல. கரி படியற அளவுக்கு நாள் ஆயிருக்கு” என்றார். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பி, மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“டிசம்பர் வெள்ளத்துல வண்டியைத் தண்ணியில ஓட்டினீங்களா?”

அண்ணாச்சி பேசாமல் நின்றார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை! திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிவிட்டது. தாமிரபரணி கரை கடந்தது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லி அடித்துச் செல்லப்பட்டதால், செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டார்கள். தூத்துக்குடி தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் வடியவே இல்லை.

அன்றைக்கு அண்ணாச்சி, பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்க்க, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் காரை ஓட்டியிருக்கிறார். அவரைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது ‘டக்’ என்று என்ஜின் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார். ஊரில் எல்லா ஒர்க் ஷாப்பிலும் கூட்டம். தெரிந்த ஒருவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றி ஓட வைத்தார். கார் ஓடியது. லேசாக ஒரு நடுக்கம் மட்டும் இருந்தது. ‘வெள்ளத்துல நின்ன வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிட்டார்.

சரி, தண்ணீருக்கு இரும்பை வளைக்கும் பலம் எங்கிருந்து வந்தது?

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்தக் காலத்து முத்துக்குளிப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, கல் கட்டிய கயிற்றைப் பிடித்து ‘பார்’ என்று சொல்லும் முத்துச்சிப்பித் திட்டுகளுக்கு இறங்குவார்கள். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு. நெஞ்சில் அடைத்த ஆறு லிட்டர் காற்று அங்கே இரண்டு லிட்டராகச் சுருங்கிவிடும். மேலே வந்தால் மறுபடி ஆறு லிட்டர். காற்று அப்படிப்பட்டது, விட்டுக்கொடுக்கும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரை அதே ஆழத்துக்குக் கொண்டுபோனால் எவ்வளவு சுருங்கும் தெரியுமா? இரண்டு சொட்டு குறைந்தால் அதிகம்!

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத புது சிரிஞ்ச் ஒன்றை அம்மா, அப்பாவிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அழுத்துங்கள். உள்ளே போகும். இப்போது தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்துங்கள். உங்கள் விரல்தான் வலிக்கும்.

கார் என்ஜினும் ஒரு பெரிய சிரிஞ்ச்தான். காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும், அழுத்தும், எரிக்கும், புகையை வெளியே தள்ளும். அண்ணாச்சியின் காரில் ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் தள்ளும் அளவு 300 மில்லி லிட்டர். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி லிட்டர். இருமல் மருந்து பாட்டிலின் 10 மில்லி மூடியில் மூன்று மூடி! அதற்குமேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டனுக்குப் போக இடம் இல்லை. ஆனால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் சும்மா விடுமா? தள்ளும். தண்ணீர் விட்டுக்கொடுக்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் காரில் இந்த இடம் இன்னும் சின்னது என்பதால் ஆபத்தும் அதிகம்.

ஓடும் என்ஜின் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றை உறிஞ்சும். அந்தக் குழாய் வாய்க்குத் தண்ணீர் எட்டிவிட்டால் மூன்று மூடி எம்மாத்திரம்? அதனால் வெள்ளத்தில் கார் நின்றுபோனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, “செல்ஃப் அடிக்காதீங்க!” என்பதுதான். மெக்கானிக் வந்து பிளக்கைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்ச விட்டு, கையால் சுற்றிப் பார்க்கட்டும். பிளக் ஓட்டை வழியே மெல்லிய கம்பியை விட்டு, நான்கு பிஸ்டனும் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்றும் அளக்க வேண்டும். அந்தத் தெரிந்தவர் இந்தக் கடைசி வேலையைச் செய்யவில்லை. செய்திருந்தால் டிசம்பரிலேயே தெரிந்திருக்கும். (காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். தண்ணீரில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால், என்ஜினுக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் ஒழிய, இழப்பீடு வாங்குவது பெரும்பாடு.)

ஆனால் டிசம்பரில் வளைந்த ராடு பிப்ரவரி வரை ஏன் காத்திருந்தது?

ஒரு கம்பியை எடுத்து வளைத்து வளைத்து நிமிர்த்துங்கள். முதல் தடவை உடையாது. பத்துப் பதினைந்தாவது தடவை ‘பட்’ என்று போகும். உலோகம் களைத்துப் போவது என்று இதைச் சொல்வார்கள். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் ஒரு மணி நேரத்தில் 1,20,000 சுற்று. வளைந்த ராடு அத்தனை தடவையும் கோணலாக இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது.

விமானமே இப்படி உடைந்திருக்கிறது. 1954-இல் பிரிட்டனின் ‘காமெட்’ ஜெட் விமானங்கள் இரண்டு, மூன்று மாத இடைவெளியில் மத்தியதரைக் கடலில் விழுந்தன. கடலடியிலிருந்து துண்டுகளை அள்ளி வந்து ஒட்டிப் பார்த்தார்கள். இன்னொரு காமெட் விமானத்தைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, தண்ணீரால் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி... கடைசியில் அதன் உடலும் கிழிந்தது. காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை ஏன் பயன்படுத்தினார்கள்? சிரிஞ்ச் விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுருக்கிய காற்று வெடித்துச் சிதறும். தண்ணீர் சுருங்கவே இல்லையே, எப்படி வெடிக்கும்?

என் மாணவர் உடைந்த ராடைத் துடைத்து என் கையில் கொடுத்தார். உடைந்த முகத்தில் பாதி வழுவழுப்பாக, வளைவு வளைவாக மெல்லிய வரிகள். மீதி, கருப்பட்டியை உடைத்ததுபோலச் சொரசொரப்பு. வரி இருக்கும் பகுதி நாள் கணக்கில் மெல்ல விரிந்தது, சொரசொரப்பு கடைசி நொடியில் பிய்ந்தது என்றார். முத்துநகர் கடற்கரையில் அலை வந்துபோன பிறகு மணலில் வரி விழுமே, அதேபோலத்தான் இருந்தது. பொறியாளர்களும் அதைக் ‘கடற்கரை வரிகள்’ என்றுதான் சொல்கிறார்களாம்!

அண்ணாச்சி அந்த ராடை வாங்கி, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பையனின் தோளைத் தொட்டு, “தப்பா பேசிட்டேன்ல தம்பி” என்றார்.

மெக்கானிக்கும் ஒன்று சொன்னார். “ஆயில் மாத்த வந்தப்பவே அந்த நடுக்கத்தை நான் கவனிச்சிருக்கணும் அண்ணாச்சி. கூட்டத்துல விட்டுட்டேன்.” என்ஜின் செலவு அண்ணாச்சியுடையது, வேலைக்கூலி வேண்டாம் என்று முடிவாயிற்று. மதுரையிலிருந்து பழைய என்ஜின் ஒன்று வாங்கி வந்து மாட்டினார்கள். அந்த மூன்று வாரமும் அண்ணாச்சி வேறு ஒருவரின் காரை ஓட்டினார்.

அந்த ராடு இப்போதும் ஒர்க் ஷாப் அலமாரியில், ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் போனபோது, அந்தப் பையன்தான் ஒரு காரின் பிளக் ஓட்டையில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டு அளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, “நாலும் ஒரே உயரம் சார்!” என்றான்.