இணையமும் முகாமையாளர் நாற்காலியும்

கிழக்கு மாகாணத்து வயல்களில் முகாமை என்பது புதிய தொழிலன்று. போடியாருக்கும் வயற்காரருக்கும் இடையே நின்று வேலையை நடத்தியவன் முல்லைக்காரன். வயலிலேயே பழகித் தேர்ந்தவனுக்குத்தான் அப்பொறுப்பு வாய்த்தது. இறக்காமத்தை அடுத்த வரிப்பத்தான்சேனையில் இன்றும் நெல்லே பலருக்குச் சீவனம். ஆயினும் பெற்றோர் தம் மக்களுக்கு விரும்புவது அலுவலக நாற்காலியை. ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவ்விருப்பத்திற்கு உரமூட்டியது.

இணையம் வந்துவிட்டால் கொழும்பு உத்தியோகமும் கூடவே ஊருக்கு வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அதில் நியாயமில்லாமலில்லை. வில்பத்துக் காட்டின் ஓரத்திலுள்ள மகாவிலச்சிய என்னும் சிங்களக் கிராமத்தில், 1998இல் நந்தசிறி வன்னிநாயக்க என்னும் ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணினியும் கற்பிக்கத் தொடங்கினார். 2007இல் ஜோன் கீல்ஸ் நிறுவனத்தின் ஆதரவோடு அங்கே ஓர் அலுவலகமும் எழுந்தது. நகரத்து மேசைகளில் நடந்த தரவுப் பதிவு வேலையைக் கிராமத்து இளைஞரே செய்தனர். பாராட்டத்தக்க காரியம்! எனினும் ஊருக்கு வந்தது பதிவு வேலை. தீர்மானிக்கும் வேலை அத்துணை எளிதிற் பயணம் செய்வதில்லை. கிளைதோறும் ஒருவர் செய்த மேற்பார்வையை, கணக்குகள் யாவும் உடனுக்குடன் வந்து சேர்வதால், தலைமையகத்திலிருந்தே ஒருவர் செய்ய இயலுகிறது. அவர் ஊதியம் உயர்கிறது. கிளைகளில் நாற்காலிகள் குறைகின்றன.

நோர்வேயில் அதிவேக இணையம் பரவியதால் உயர்கல்வி பெற்றோரின் ஊதியம் ஏறியது என்றும், கல்வி குறைந்தோரின் நிலை தாழ்ந்தது என்றும் 2015இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. ஆபிரிக்காவிலோ கடலடி இணைப்பு வந்தபின் கல்வி குறைந்தோருக்கும் வேலை பெருகியதாக 2019இல் மற்றோர் ஆய்வு காட்டியது. ஆதலின் இணையத்தைப் பழிப்பது முறையன்று.

என் ஐயம் வேறு. பழைய அலுவலகத்தில் எழுதுவினைஞரும் முகாமையாளரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். சினந்து வரும் வாடிக்கையாளரிடம் முகாமையாளர் எங்ஙனம் பேசுகிறார், கடன் கேட்பவரை எங்ஙனம் எடைபோடுகிறார் என்பதை எழுதுவினைஞர் அருகிருந்து கண்டார். (தேநீர் வேளை வம்பிலும் பாதி நிருவாகப் பாடமே!) காலப்போக்கில் அந்நாற்காலிக்குத் தகுதியும் பெற்றார். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 200 மைல் தொலைவில், திரையை மட்டும் பார்த்துப் பதியும் பிள்ளைக்கு அப்பாடத்தை யார் புகட்டுவார்?

ஒலுவிலில் முகாமைத்துவம் கற்று வெளியேறும் வரிப்பத்தான்சேனை மாணவர், வேலை தர வரும் நிறுவனத்தாரிடம் சம்பளத்தோடு இன்னும் இரண்டை விசாரிக்கலாம்: இக்கிளையில் எவை தீர்மானிக்கப்படும்? எத்தனை ஆண்டில் அப்பொறுப்பு தம்மிடம் வரும்? விடையை எழுத்திற் பெற்றுக்கொண்டால் இன்னும் நன்று.