உங்களுக்குத் தெரியுமா? துவக்குக் குழலுக்குள் ஓர் உப்பு

கல்முனைக் கரையில் இரும்பு துருப்பிடித்தால் பழி உப்புக்காற்றின் மேல் விழும். பழைய துவக்குகளைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். மீதி உப்பு ரவைக்குள்ளேயே பிறந்தது. ரவைக் கோதின் அடியில், ஊசி வந்து அடிக்கும் இடத்தில், பிரைமர் என்ற சிறு உலோகக் கிண்ணம் உண்டு. வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொறி அதிலிருந்தே வருகிறது. அடித்தால் பற்றும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றவர் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். பின்வந்த பிரைமர்களில் பாதரச ஃபல்மினேட்டும் பொற்றாசியம் குளோரேட்டும் நெடுங்காலம் இருந்தன. பாதரசம் பித்தளையை நொறுங்கவைத்து, சுட்ட கோதை மீள நிரப்ப உதவாததாக்கியது. குளோரேட்டோ எரிந்து பொற்றாசியம் குளோரைட்டாகும். கறியுப்பின் உறவான அது குழலில் படிந்து ஈரத்தை இழுக்கும்.

எண்ணெய் பூசினால் போதாதா என்று கேட்கலாம். எண்ணெயில் உப்பு கரையாது. மேலே பளபளப்பு, அடியில் அரிப்பு. இரும்பில் தண்ணீர் ஊற்றலாமா? ஊற்றத்தான் வேண்டும். சுடுநீரால் அலசி, முற்றாக உலர்த்தி, பிறகே எண்ணெய். கடலிலிருந்து வந்த படகு எஞ்சினை நல்ல தண்ணியில் அலசுவதற்கும் இதுவே காரணம். 1920களில் ஜெர்மனியில் ஈய ஸ்டிப்னேட் பிரைமர்கள் வந்தபின் பாதரசமும் குளோரேட்டும் மெல்ல விலகின. ஆனால் ஈயப் பிரைமர்களைத் தீங்கற்றவை என்று சொல்லிவிட முடியாது: மூடிய சுடுகூடங்களில் பயிற்சி பெறுவோர் சுவாசிக்கும் ஈயத்தூசியில் ஒரு பங்கு இந்தப் பிரைமர்களிலிருந்தே வருகிறது.